பாறுகளும் செத்த மாடுகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றி முந்தைய இதழில் எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளை வெவ்வேறு கோணத்தில் கேட்ட சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மலைக்கோயிலுக்கு நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து, குருக்கள் வைக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்டு போவதை என் இளமையில் பார்த்திருக்கிறேன். பேரனிடம் சொன்னால் கதை என்கிறான். ஊரில் சிலர், மக்களின் பாவம் பெருகியதால்தான் அவை வருவதில்லை என்கிறார்கள். உண்மைக் காரணம் என்ன?
— வாசகர், திருக்கழுக்குன்றம்

நீங்கள் பார்த்தது கதையில்லை. வேதகிரீசுவரர் கோயில் மலைக்கு வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். வெண்ணிற உடலும் இறகில் கருப்பு ஓரமும் மஞ்சள் நிற வெற்று முகமும் கொண்ட அந்தப் பறவை, பாறு இனங்களில் சிறியது. பிணத்தை மட்டுமே நம்பி வாழாமல் சாணம், முட்டை, குப்பையில் கிடக்கும் உணவு மிச்சம் என்று எதையும் உண்ணக்கூடியது. ஆகவே மனிதர் வைக்கும் நெய்ச் சோற்றை அது ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. காசியில் நீராடி இராமேசுவரத்துக்குப் போகும் வழியில் அவை அங்கே இறங்குவதாகச் சொல்லி மக்கள் கூடிய அந்த இடத்துக்குப் பட்சி தீர்த்தம் என்ற பெயரும் நிலைத்தது. 1990களின் இறுதியில் அந்த வருகை நின்றுபோயிற்று.

அதே பத்தாண்டில் நாடு முழுவதும் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். 1980களில் இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த வெண்முதுகுப் பாறுகள், 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 விழுக்காடு அழிந்தன. கருங்கழுத்துப் பாறுகளின் வீழ்ச்சி ஏறத்தாழ 97 விழுக்காடு. செந்தலைப் பாறும் மஞ்சள்முகப் பாறும் இவற்றுக்குச் சற்றே பின்னால் அதே பள்ளத்தில் இறங்கின. ராஜஸ்தானின் பரத்பூரில் பறவைகள் தலை தொங்கி உட்கார்ந்திருந்து மரத்திலிருந்து விழுந்து சாவதை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் விபு பிரகாஷ் கவனித்து எழுதியபோது, முதலில் எல்லோரும் ஏதோ ஒரு தொற்றுநோய் என்றே எண்ணினார்கள். பாகிஸ்தானில் இறந்த பாறுகளை அறுத்து ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர், கால்நடைகளுக்குப் போடப்படும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி மருந்துதான் காரணம் என்று 2004இல் நிறுவினார்கள்.

ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்துபோனால் மருந்து அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெண்ணிறப் படலமாய்ப் படிந்து, ஓரிரு நாட்களில் பறவை இறந்துவிடும். ஒரு மாட்டைச் சுற்றிப் பல பத்துப் பாறுகள் கூடி உண்பதால், நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே ஓர் இனம் முழுதும் சரிந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே பாவம் என்று ஏதேனும் இருந்திருந்தால், நோயுற்ற மாட்டின் வலியைக் குறைக்க நினைத்தவர்கள் தாங்கள் அறியாமலே செய்த பாவம் அது. பேரனிடம் இதைச் சொல்லுங்கள். பொங்கல் உண்ட பறவையை அவன் நம்பாவிட்டாலும் இதை நம்புவான்.

எங்கள் ஊர்க் குப்பைமேட்டின் மேல் நூற்றுக்கணக்கில் வட்டமிடுபவை பாறுகள்தானே? பிறகு அழிந்துவிட்டன என்று ஏன் சொல்கிறீர்கள்?
— வாசகர், கோயம்புத்தூர்

அவை கரும்பருந்துகள். பறக்கும்போது வால் நுனி நடுவில் சற்றே பிளந்திருப்பதைப் பாருங்கள். பாறுகளுக்கு வால் குட்டை. பெரிய பாறுகளின் விரித்த இறகுகள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் இருக்கும். கழுத்தில் இறகு இல்லாததால் தூரத்தில் தலையே இல்லாததுபோலத் தோன்றும். தமிழ்நாட்டில் அவற்றைப் பார்க்க வேண்டுமானால் முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களை ஒட்டிய மோயாற்றுப் பகுதிக்குத்தான் போக வேண்டும்.

புலி, யானை என்றால் புரிகிறது. பிணம் தின்னும் ஒரு பறவைக்காக மருந்தைத் தடை செய்வதும், குழு அமைப்பதும் மிகையாகத் தெரியவில்லையா? நாய், காகம் செய்யாத எதை இது செய்கிறது?
— வாசகர், திருச்சி

நீங்கள் நாயைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் பாறுகள் போன இடத்தை நிரப்பியவை நாய்கள்தாம். ஒரு பாறுக் கூட்டம் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அதன் இரைப்பையின் கடும் அமிலம், அழுகிய இறைச்சியில் உள்ள பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடுகிறது. நாய்க்கு அந்த வேகமும் இல்லை, வயிற்றில் அந்த அமிலமும் இல்லை. அது பல நாள் இழுத்துத் தின்று, குட்டி போட்டுப் பெருகி, வெறிநோயையும் ஊருக்குள் கொண்டுவருகிறது.

பாறுகள் முன்பு நிறைந்திருந்த மாவட்டங்களையும், அவை வாழ ஏற்றதாக இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, பொருளியலாளர்கள் இயல் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. பாறுகள் இழந்த மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது என்றும், 2000 முதல் 2005 வரை அதனால் ஏற்பட்ட கூடுதல் இறப்புகள் ஐந்து லட்சம் அளவில் இருக்கும் என்றும் அவர்கள் கணிக்கிறார்கள். இதில் பாதியைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொண்டாலும் மிகை என்ற சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டியிருக்கும். மும்பையின் பார்சி மக்கள் இறந்தோர் உடலைப் பாறுகளுக்கு ஒப்படைக்கும் நெடுங்கால வழக்கத்தைத் தொடர முடியாமல், சூரிய ஒளியைக் குவித்து உடலை உலர்த்தும் கருவிகளை நிறுவ நேர்ந்ததும் இதனால்தான்.

நான் எட்டு மாடுகள் வைத்திருக்கிறேன். காய்ச்சலில் எழ முடியாமல் கிடக்கும் மாட்டுக்கு ஊசி போடாமல் பறவைக்காக அதைத் துன்பப்பட விட வேண்டுமா? எந்த மருந்தைக் கேட்பது, எதைத் தவிர்ப்பது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.
— வாசகர், தாளவாடி

மாட்டைத் துன்பப்பட விட வேண்டியதில்லை. டைக்ளோஃபெனாக் செய்யும் வேலையை மெலாக்சிகாம் செய்யும். அது பாறுகளுக்குத் தீங்கு விளைவிப்பதில்லை என்பது 2006ஆம் ஆண்டிலேயே சோதித்து உறுதிசெய்யப்பட்டது. கால்நடை மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. டோல்ஃபெனமிக் அமிலமும் பாதுகாப்பானதென்று பின்னர் தெரியவந்துள்ளது. இந்த இரண்டு பெயர்களையும் தொழுவத்துச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை இவற்றைவிட அதிகம். கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா 2006இல் தடை செய்தது. ஆனால் மனிதருக்கென்று 30 மி.லி. பெரிய புட்டிகளில் வந்த அதே மருந்தை வாங்கி மாட்டுக்குப் போடும் பழக்கம் தொடர்ந்தது. ஒரு மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மி.லி. போதும், அந்தப் பெரிய புட்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. 2015இல் ஒரு புட்டியில் 3 மி.லி.க்கு மேல் அடைக்கக் கூடாதென்று மத்திய அரசு ஆணையிட்டபோது மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அரசின் ஆணையை நிலைநிறுத்தியது. அதற்குள் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்று வேறு மருந்துகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. முன்னது பாறுகளை நேரடியாகக் கொல்கிறது. பின்னது மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. இவ்விரண்டையும் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2023இல்தான் தடை வந்தது. நிமெசுலைடும் பாறுகளைக் கொல்லும் மருந்து என்பதால் அதையும் தவிருங்கள்.

ஒரு மருந்தைத் தடை செய்து, அடுத்ததால் பறவைகள் செத்த பின் அதையும் தடை செய்யும் இந்த முறை எனக்கு ஏற்புடையதாக இல்லை. கால்நடைகளுக்கான புதிய வலிநீக்கி எதுவும் பாறுகளுக்குத் தீங்கில்லை என்று நிறுவப்பட்ட பிறகே விற்பனைக்கு வர வேண்டும். அது நடக்கும் வரை உங்களைப் போன்றவர்கள் மருத்துவரிடம் மருந்தின் பெயரைக் கேட்பதும், முறையான பயிற்சியில்லாதவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாமல் இருப்பதும் சட்டத்தைவிட அதிகம் பயன்தரும். பெயர் தெரியாத ஊசி போட்ட மாடு சில நாட்களில் இறந்துவிட்டால் அதைக் காட்டோரத்தில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

சிறுத்தை என் கறவை மாட்டை அடித்துவிட்டது. இழப்பீட்டுக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர், மிச்சம் கிடக்கும் உடலில் பூச்சிமருந்து வைத்துவிடு என்கிறார். நான் அப்படிச் செய்யவில்லை. ஆனால் அவர் சொன்னதில் தவறு என்ன என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.
— வாசகர், நீலகிரி மாவட்டம்

நீங்கள் அப்படிச் செய்யாமல் இருந்ததற்கு முதலில் நன்றி. உங்கள் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை; கறவை மாடு ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்துக்குச் சமம் என்பதைக் காட்டுயிர் பற்றி எழுதுபவர்கள் பல நேரம் மறந்துவிடுகிறார்கள்.

பிணத்தில் பூச்சிக்கொல்லி வைப்பவர் ஒரு விலங்கை நினைத்து வைக்கிறார். அதை உண்ண வருபவற்றை அவரால் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. 2023 செப்டம்பரில் நீலகிரியில் அவலாஞ்சி அருகே, புலி அடித்த மாட்டின் உடலில் பூச்சிமருந்து வைத்ததால் இரண்டு புலிகள் இறந்தன. மாட்டின் சொந்தக்காரர் கைது செய்யப்பட்டார். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் உள்ள விலங்கைக் கொன்றால் மூன்று முதல் ஏழாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. மாட்டை இழந்தவர் வீட்டையும் இழக்கும் நிலை அது. இனி, அந்த உடலின் மேல் முதலில் இறங்குவது பெரும்பாலும் சிறுத்தையாக இருக்காது. பாறுகள் மோப்பத்தால் அல்ல, பார்வையால்தான் இரை தேடுகின்றன. ஒன்று இறங்குவதைக் கண்டு தொலைவில் பறக்கும் மற்றவையும் வந்து குவியும். நச்சு வைத்த ஒரே ஒரு பிணம், மோயாற்றில் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் பெருகிய பறவைகளில் பெரும்பகுதியை ஒரே பகலில் முடித்துவிடக் கூடும். தமிழ்நாட்டுப் பாறுகளுக்கு இன்று டைக்ளோஃபெனாக்கை விடப் பெரிய அச்சுறுத்தல் இதுதான் என்பது என் எண்ணம்.

அடித்த மாட்டை இடம் மாற்றாமல் உடனே வனத்துறைக்குத் தெரிவித்து, கால்நடை மருத்துவரின் சான்றைப் பெற்று, படம் எடுத்து வையுங்கள். உடலை அங்கேயே விட்டுவைத்தால் சிறுத்தை மறுநாளும் அதையே உண்ண வரும். அதை அகற்றிவிட்டால் பசியோடு அடுத்த தொழுவத்துக்குத்தான் போகும். இரவில் முள்வேலி மட்டும் உள்ள பட்டியைவிடக் கூரையும் கதவும் உள்ள கொட்டில் மேல். ஆனால் இவையெல்லாம் உங்கள் பங்கு. அரசின் பங்கு, இழப்பீட்டை மாதக்கணக்கில் இழுக்காமல் சில நாட்களில் கொடுப்பது. “பாறுகளைக் காப்போம்” என்று வழிநெடுக வைக்கும் பலகைகளுக்கு ஆகும் செலவை இதற்குத் திருப்பினால் அந்தப் பலகைகளின் தேவையே குறைந்துவிடும்.

செத்த மாட்டைப் புதைக்கச் சொல்கிறது ஊராட்சி. பாறுகளுக்கு விடுங்கள் என்கிறீர்கள் நீங்கள். எதைக் கேட்பது?
— வாசகர், சத்தியமங்கலம்

இடத்தையும் சாவின் காரணத்தையும் பொறுத்து இரண்டையும் கேட்கலாம். குடியிருப்புக்கோ நீர்நிலைக்கோ அருகே இறந்த மாடும், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் இறந்ததும், ஐயத்துக்குரிய மருந்து போடப்பட்டதும் புதைக்கப்பட வேண்டியவை. அடைப்பானில் இறந்த உடலை அறுக்கவே கூடாது. மற்றபடி, காட்டை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் விபத்திலோ வயதாகியோ இறந்த மாட்டை, சாலையிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் விலகிய வெட்டவெளியில் விடுவதுதான் பழைய வழக்கம். காட்டுக்குள் இறக்கும் யானையையும் காட்டெருதையும் புதைக்காமல் எரிக்காமல் விட்டுவிட வேண்டும் என்பதைப் பாறு ஆர்வலர்கள் நெடுநாளாக வலியுறுத்தி வருகிறார்கள். வெட்டவெளி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. உண்ணிச்செடிப் புதருக்குள் கிடக்கும் உடல் வானிலிருந்து தெரியாது. தெரிந்தாலும் அந்தப் பெரிய பறவை இறங்கி, ஓடி, மீண்டும் எழும்ப இடமிருக்காது.

தூய்மை என்ற பெயரில் எல்லாப் பிணங்களையும் அகற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயின் சான்று. பித்தப் பசு நோய்க்கு அஞ்சி, செத்த கால்நடைகளைச் சேகரித்து அழிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் விதி செய்தது. ஐரோப்பாவின் பாறுகளில் பெரும்பங்கு வாழும் அந்த நாட்டில் பறவைகள் பட்டினியில் வாடின. உயிருள்ள கால்நடைகளைத் தாக்குகின்றன என்ற புகார்களும் கிளம்பின. பிறகு விதி தளர்த்தப்பட்டு, 2011 முதல் குறித்த பகுதிகளில் பிணங்களை மேய்ச்சல் நிலத்திலேயே விட வழி செய்யப்பட்டது. பாறு மிகுந்த அதே ஸ்பெயின், 2013இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக்கையும் அனுமதித்தது என்பது வேறு கதை. நம் அனுபவத்தை அவர்கள் படிக்கவில்லை போலும்.

பிஞ்சோரில் பாறுகளை வளர்க்கிறார்களாமே? அங்கிருந்து சில இணைகளைக் கொண்டுவந்து திருக்கழுக்குன்றத்தில் விட்டால் என்ன?
— வாசகர், செங்கல்பட்டு

அரியானாவின் பிஞ்சோரிலும் மேற்கு வங்கம், அசாம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலும் இனப்பெருக்க மையங்கள் இருக்கின்றன. அங்கே வளர்க்கும் பாறு இனங்கள் ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இணை சேர ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆகும். இப்படி அரிதாகக் கிடைக்கும் பறவையை நச்சு இருக்கும் நிலத்தில் விடக் கூடாது என்பதால், விடுவிக்கும் இடத்தைச் சுற்றி 100 கி.மீ. அளவுக்குப் பாதுகாப்பான பகுதி இருக்க வேண்டும் என்பது வழிமுறை. திருக்கழுக்குன்றத்தை நடுவாக வைத்து அந்த வட்டத்தை வரைந்தால் சென்னை, காஞ்சிபுரம், புதுச்சேரி எல்லாம் அதற்குள் வந்துவிடும். அத்தனை மருந்துக் கடைகளையும் திருத்திவிட்டு, அங்கே திறந்தவெளியில் மாட்டுப் பிணத்துக்கு எங்கே போவது என்றும் பார்க்க வேண்டும். மேலும் அங்கே வேண்டியது மஞ்சள்முகப் பாறு. அந்த மையங்கள் முதன்மையாக வளர்ப்பதோ வெண்முதுகு, கருங்கழுத்து, மெல்லலகு இனங்கள்.

மோயாற்றுப் பறவைகள் தாமாகவே பெருகிக் கிழக்கே பரவ விடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தூரம் அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை. 2024இல் மகாராட்டிரத்தின் தாடோபாவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட பாறுகளில் ஒன்று, பல மாநிலங்களைச் சுற்றிக்கொண்டு தமிழ்நாடு வரை வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் அதற்கு நஞ்சில்லாத இரை கிடைக்குமா, மின்கம்பியில் அடிபடாமல் பிழைக்குமா என்பதில்தான் நம் வேலை இருக்கிறது.

கணக்கெடுப்பில் எண்ணிக்கை கூடியிருப்பதாகச் செய்தி வந்தது. பாறுகள் மீண்டுவிட்டன என்று கொள்ளலாமா?
— வாசகர், ஈரோடு

அவ்வளவு விரைவாக முடிவுக்கு வர வேண்டாம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் கணக்கெடுத்ததில், 2023 பிப்ரவரியில் 246 பாறுகளும் அதே ஆண்டு டிசம்பரில் 320 பாறுகளும் பதிவாயின. காலையில் முதுமலையில் இருக்கும் பறவை மாலைக்குள் பந்திப்பூருக்கோ வயநாட்டுக்கோ போய்விடும் என்பதால்தான் மூன்று மாநிலங்களும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை பத்து மாதத்தில் இவ்வளவு பெருகாது; தேடியவர்களும் இடங்களும் கூடியதன் பங்கும் அதில் இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் மிகப் பெரும்பாலானவை வெண்முதுகுப் பாறுகள். மஞ்சள்முகப் பாறுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மொத்த எண்ணிக்கையைவிடக் கூடுகளில் எத்தனை குஞ்சுகள் பறக்கும் வயது வரை தேறின என்பதைத்தான் நான் பார்ப்பேன். வெண்முதுகுப் பாறுகள் ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. கருங்கழுத்துப் பாறுகள் செங்குத்தான பாறை இடுக்குகளில். மழை முடிந்த பின் தொடங்கி கோடை வரை நீளும் அந்தப் பருவத்தில் சீகூர்ப் பக்கம் போகும் வாசகர்கள், படமெடுப்பதற்காகக் கூட்டை நெருங்குவதையும் ட்ரோன் பறக்கவிடுவதையும் தவிர்க்க வேண்டும். தாய்ப்பறவை எழுந்து போனால் அந்த ஆண்டுக்கான ஒரே முட்டை வெயிலில் கிடக்கும். இறந்த பாறு எதையாவது கண்டால் கையால் தொடாமல், புதைக்கவும் விடாமல், அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். உடல் அழுகுவதற்குள் ஆய்வகம் போய்ச் சேர்ந்தால்தான் அது மருந்தால் செத்ததா, நஞ்சால் செத்ததா, மின்கம்பியில் அடிபட்டதா என்று தெரியவரும்.